பழைய மாருதி 800: சொட்டுவது கியர் பாக்ஸ் ஆயில்தானா? இறக்கச் சொல்கிறார்கள், உதவி தேவை

கானாடுகாத்தான்காரன்:
வணக்கம். அப்பச்சி வைத்திருந்த 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. நான் சென்னையில், வண்டி கானாடுகாத்தான் வீட்டில். படைப்பு, கல்யாணம், திருவிழா என்று ஊருக்கு வரும்போதுதான் எடுப்போம், மற்ற மாதமெல்லாம் சும்மாதான் நிற்கிறது. இந்த முறை வந்து பார்த்தால் முன்பக்கம், இடது சக்கரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வண்டி நிற்கும் கொட்டகையில் வீட்டு வேலையில் மிச்சப்பட்ட ஆத்தங்குடிக் கல்லைப் பதித்து வைத்திருக்கிறார்கள், அதனால் ஆத்தாவுக்கு வண்டியைவிடக் கல்லைப் பற்றித்தான் பேச்சு.

காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸ் ஆயில் லீக், இறக்கி எல்லா சீலும் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றணும், அப்படியே கிளட்ச் செட்டும் போட்டுவிடலாம் என்றார். கியர் நன்றாகத்தான் விழுகிறது, சத்தம் கித்தம் இல்லை. காலையில் மட்டும் ஃபர்ஸ்ட் கியர் கொஞ்சம் இறுக்கம். அடுத்த வாரம் ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு மதுரை போகணும், சுமார் 100 கிலோமீட்டர். நம்பி எடுக்கலாமா, நடுவழியில் மேலூர்ப் பக்கம் நின்றுவிடுமா?

தேவகோட்டை பழைய வண்டி:
தம்பி, இறக்குவதற்கு முன்னால் அது என்ன ஆயில் என்று பாருங்கள். ராத்திரி வண்டிக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, சக்கரம் நிற்கும் இடத்தையும் அதில் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று தெரியும். கறுப்பாக, நீர்த்து இருந்தால் எஞ்சின் ஆயில். தேன் நிறத்திலோ பழுப்பாகவோ கொழகொழவென்று இருந்து, விரலில் தேய்த்தால் கந்தக வாடை மூக்கில் ஏறினால் அதுதான் கியர் ஆயில். அந்த வாடை ஒரு தடவை பிடித்துவிட்டால் மறக்காது, சோப்புப் போட்டாலும் கையை விட்டுச் சீக்கிரம் போகாது. சக்கரத்தின் உள்பக்கம் கெட்டியாகக் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் அது டிரைவ் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மேல் இருக்கும் பூட், அதாவது ரப்பர் உறை, கிழிந்த கதை, கியர் பாக்ஸோடு சேர்க்க வேண்டாம்.

கியர் ஆயிலே என்று வைத்துக்கொண்டாலும் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலை. டிரைவ் ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆயில் சீல் இருக்கும். அதற்குக் கியர் பாக்ஸை இறக்கவே தேவையில்லை, ஆயிலை வடித்துவிட்டு ஷாஃப்டை இழுத்துவிட்டு மாற்றிவிடலாம். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியிலிருந்து சொட்டினால்தான் இறக்கியாக வேண்டும். கறுப்பு ஆயில் என்றால் எஞ்சின் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல், பழுப்பு என்றால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து உள்ளே போகும் தண்டு) சீல். இரண்டுமே கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும், மேடு ஏறும்போது எஞ்சின் இரையும், வண்டி நகராது. அந்த நிலைமை என்றால் மெக்கானிக் கிளட்ச்சைச் சேர்த்துப் போடச் சொல்வதும் நியாயம்தான், இறக்குகிற கூலி ஒன்றுதானே.

சொட்டு விழுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவதுதான் பயம். எஞ்சின் ஆயிலுக்கு டேஷ்போர்டில் விளக்கு எரியும், கியர் பாக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. குறைந்தால் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும், அதற்குள் பாதி கெட்டுப்போயிருக்கும். அதனால் மதுரை போகும் முன் லெவல் பாருங்கள், அதுவும் அடியில் நின்று பார்க்கப் பள்ளம் வெட்டியிருக்கிற ஒர்க்‌ஷாப்பில். ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால் கணக்குத் தப்பும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் கூடாது. பக்கவாட்டில் லெவல் பிளக்கைக் கழற்றினால் ஆயில் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் அதே துளை வழியாக வழிகிற வரைக்கும் ஊற்றலாம். அதற்கு மேல் திணிக்க வேண்டாம், அதிகமானாலும் சீல் வழியாகத்தான் வெளியே வரும். மேலே பிரீதர் (காற்றுப் போகும் துளை) மண் அடைத்திருந்தாலும் அதே கதை, சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் ஒழுக வைக்கும்.

காலையில் ஃபர்ஸ்ட் கியர் இறுக்கத்துக்கு முதலில் கிளட்ச் கேபிளைச் சரி பார்க்கச் சொல்லுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:
என்னிடமும் 800தான், இன்னமும் நானேதான் ஓட்டுகிறேன். தம்பி, பானட்டைத் திறந்து இடது பக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புவது) அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கார்புரேட்டர் 800இல் அது கியர் பாக்ஸுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து போனால் எஞ்சின் ஆயில் கசிந்து கியர் பாக்ஸ் மேலேயே வழிந்து, புழுதியும் சேர்ந்து, அடியிலிருந்து பார்ப்பவருக்கு மொத்தக் கியர் பாக்ஸும் ஒழுகுவது மாதிரியே தெரியும். எஞ்சின் மேல்மூடியான டேப்பெட் கவர் பேக்கிங் ஒழுகினாலும் இப்படித்தான். நல்லா வாட்டர் வாஷ் பண்ணிவிட்டு (டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படாமல் பாலிதீன் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்), பிள்ளையார்பட்டி வரைக்கும் ஒரு நடை போய் வந்து, உடனே மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதலில் எது நனைந்திருக்கிறதோ அதுதான் ஆள்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது சிமெண்டுக் கல், மேல்நிறத்தை அரித்துவிடும். தவிட்டைக் கொட்டி ஒரு ராத்திரி விட்டுக் கூட்டிவிட்டு, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தால் பாதி போகும். மீதியை ஆத்தா பொறுத்துக்கொள்ளட்டும்.

புதுவயல் டிரைவர்:
ஆயில் வாங்கும்போது கவனம். ஸ்பேர்ஸ் கடையில் கியர் ஆயில் என்று பொதுவாகக் கேட்டால் லாரி, வேன் பின் அச்சில் இருக்கிற கிரவுனுக்கு ஊற்றுகிற ஜிஎல்-5 ரகத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேளுங்கள், எந்த கிரேடு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். ஜிஎல்-5இல் கந்தகக் கலவை கூடுதல், அதில் பல வகை உள்ளே இருக்கிற பித்தளை சிங்க்ரோ ரிங்கை (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) தின்றுவிடும். ஊற்றிய உடனே தெரியாது, கொஞ்ச காலம் கழித்துக் கியர் கரகரவென்று விழும்போதுதான் தெரியும்.

கானாடுகாத்தான்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஆச்சி சொன்னதுதான் சரி. கழுவி, ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு, அது கியர் பாக்ஸ் மேல் இறங்கிக் கீழ் முனையில் சொட்டாக நிற்கிறது. அட்டையில் விழுந்ததும் கறுப்புதான், வாடை இல்லை. ஆனால் பள்ளத்தில் வைத்து லெவல் பிளக்கைக் கழற்றியபோது விரலை வளைத்துக் கீழே விட்டால்தான் ஆயில் தட்டுப்பட்டது. ஜிஎல்-4 ஊற்றி வழிய விட்டு மூடியாச்சு. கேபிளைச் சரி பண்ணியதும் ஃபர்ஸ்ட் கியரும் சாதாரணமாக விழுகிறது. இடது டிரைவ் ஷாஃப்ட் சீல் ஓரத்தில் மட்டும் ஈரம் மாதிரி புழுதி ஒட்டியிருக்கிறது, சொட்டு இல்லை. அதையும் இப்போதே மாற்றணுமா?

தேவகோட்டை பழைய வண்டி:
இப்போது வேண்டாம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் சீல் உதடு காய்ந்து இப்படிக் கொஞ்சம் வியர்க்கும், ஓட ஓடக் குறைந்தாலும் குறையும். மதுரை போய் வந்ததும் அதே பள்ளத்தில் லெவலைத் திரும்பப் பாருங்கள். அப்படியே நின்றால் விட்டுவிடலாம். இறங்கியிருந்தால் அந்த ஒரு சீலை மட்டும் போடுங்கள். அப்போது ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது.

ஓ-ரிங்குக்கு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும்போது அது நிற்கும் இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், இல்லையென்றால் தீப்பொறி விழுகிற டைமிங் மாறிப்போகும். பழைய ஓ-ரிங்கைக் கையோடு எடுத்துப் போய் அளவு வைத்து வாங்குங்கள்.