ஜாஸ் படம்னாலே ஏன் அடிதடியும் ரத்தமும்? (புலம்பல் + ஒரு கேள்வி)

நீலக்குறிப்பு:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மனசுல கெடக்குறத இங்க கொட்டிடறேன். பதினஞ்சு வருஷமா ஜாஸ் கேக்குறேன், வாசிக்கல்லாம் தெரியாது, காலேஜ்ல ஒரு மாசம் கிட்டார் க்ளாஸ் போய் விரல் வலிக்குதுன்னு நின்னவன் நான். யார்கிட்டயாவது ஜாஸ் கேப்பேன்னு சொன்னா ஒன்னு "ஓட்டல் லாபில சன்னமா ஓடுமே அதுவா"ம்பாங்க, இல்லன்னா ட்ரம்ஸ் கத்துக்கற பையன வாத்தியார் வதைக்குற விப்லாஷ் படத்துக்கு நேரா போயிடுவாங்க. "செம படம்ல, அந்த வாத்தியார் வேற லெவல்ல"ன்னு.

போன சனிக்கிழமை ஃப்ரெண்டு வீட்டுல அதே படத்த மறுபடி போட்டாங்க. அவன் பையனுக்கு பதினோரு வயசு, கிரிக்கெட் கோச்சிங் போறான். வாத்தியார் கன்னத்துல அறைஞ்சு "நீ அவசரப்படுறியா, இழுக்குறியா"ன்னு கேப்பாரே அந்த சீன் வந்ததும் இவன் பையன் பக்கம் திரும்பி "பாத்தியா, இப்படி ஒரு கோச் கெடச்சா தான்டா உருப்படுவ"ன்னான். பையன் ஒன்னும் சொல்லல, கையில இருந்த முறுக்க கடிக்காம அப்படியே வச்சுட்டு இருந்தான். எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

அந்தப் படத்துல வாத்தியார் ஒரு கதைய திரும்பத் திரும்ப சொல்வார்ல, ட்ரம்ஸ்காரர் ஜோ ஜோன்ஸ் சாக்ஸ் வாசிக்குற சார்லி பார்க்கரோட தலைக்கு சிம்பல (ட்ரம்ஸ்ல இருக்குற உலோகத் தட்டு) வீசினார், கொஞ்சம் விட்டா தலையே போயிருக்கும், அந்த அவமானத்துல தான் பார்க்கர் பெரிய ஆளானார்னு. நெஜத்துல கேன்சஸ் சிட்டில, 1936 வாக்குல, எல்லாரும் சேந்து ஒத்திகை இல்லாம வாசிக்குற ஒரு ஜாம் செஷன்ல பார்க்கர் தாளத்த விட்டுட்டு தடுமாறினப்ப ஜோன்ஸ் சிம்பல கழட்டி கால்கிட்ட தரையில போட்டார், அவ்வளவு தான். "போதும் தம்பி, எறங்கு"ன்னு அர்த்தம். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க, அது வலிச்சிருக்கும், இல்லேங்கல, பையனுக்கு பதினாறு வயசு. ஆனா அடுத்த கோடைக்கு அவர் ஓசார்க் மலைப் பக்கம் வேலைக்குப் போனப்ப கவுண்ட் பேஸி பேண்டோட ரெக்கார்டுங்கள கூட எடுத்துட்டுப் போய் அதுல லெஸ்டர் யங் சாக்ஸ்ல வாசிச்சத அச்சு அசலா மனப்பாடம் பண்ணிட்டு வந்தாரே, அந்தப் பாதிய ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க? ஒரு பையன் ரூம்ல உக்காந்து ரெக்கார்டு கேக்குறத படமா எடுத்தா டிக்கெட் போகாதுன்னா?

என் கேள்வி இது தான். வாசிக்குறவங்க, வெளயாடுறவங்க யாராவது சொல்லுங்க, திட்டும் அடியும் வாங்கினா தான் ஆள் உருவாவாங்களா? அப்படியே ஸ்போர்ட்ஸ் படம் மாதிரி எடுக்காத ஒரு நல்ல ஜாஸ் படமும் சொல்லுங்க, ப்ளீஸ்.

உப்பு_ஏரி:

தலைப்புல ஜாஸ்னு பாத்துட்டு யூட்டா ஜாஸ்ங்கற அமெரிக்க பாஸ்கெட்பால் டீம் பத்தின்னு நெனச்சு ஓடி வந்துட்டேன், சாரி ப்ரோ 😂 நான் அந்த ஜாஸோட ஃபேன். நியூ ஆர்லியன்ஸ்ல 1974-ல ஆரம்பிச்ச டீம், ஜாஸ் பொறந்த ஊரு, அதுக்கு அந்தப் பேர் சரி, 1979-ல யூட்டால இருக்குற சால்ட் லேக் சிட்டிக்கு மூட்டை கட்டினப்ப பேரையும் சேத்து எடுத்துட்டு வந்துட்டாங்க. பனியும் மலையும் உப்பு ஏரியும் இருக்குற ஊர்ல டீம் பேரு ஜாஸ். பழகிடுச்சு.

வந்தது வந்தாச்சு, கோச் மேட்டருக்கு பதில் சொல்லிட்டுப் போறேன். அந்தப் படத்துல நாற்காலி வீசுற சீன பாத்ததும் எனக்கு பாபி நைட் தான் ஞாபகம் வந்தார். இண்டியானா காலேஜ் டீம் கோச், 1985-ல பர்டியூ காலேஜ் கூட மேட்ச் நடக்கும்போதே கடுப்பாகி ப்ளாஸ்டிக் நாற்காலிய கோர்ட்டுக்குள்ள விட்டெறிஞ்சார், வெளிய அனுப்பிட்டாங்க. மூணு தடவ நேஷனல் சாம்பியன்ஷிப் ஜெயிச்சவர், அதனால "பாருங்க, கத்தினா ஜெயிக்கலாம்"னு சொல்ல ஆளுங்க இருக்காங்க. ஆனா 2000-ல அதே காலேஜ் தான் அவர வேலைய விட்டுத் தூக்குச்சு, அதையும் சேத்து சொல்லணும்ல.

எங்க டீம் பக்கம் ஜெரி ஸ்லோன். 1988-லேர்ந்து 2011 வரைக்கும் ஒரே டீமுக்கு கோச், முரட்டு மனுஷன், ரெஃப்ரிகிட்ட எகிறுவார், ப்ராக்டீஸ்ல தளர்வே கெடயாது. ஆனா அவர் சொல்லித் தந்தது என்னமோ அதே பழைய நாலஞ்சு ப்ளே தான். ஸ்டாக்டன் பந்த கொண்டு வருவார், மலோன் வந்து மறிச்சு நின்னு உருண்டு உள்ள போவார், பந்து கைக்கு வரும். எதிர் டீமுக்கு நல்லா தெரியும் இது தான் வரப்போகுதுன்னு, தெரிஞ்சும் தடுக்க முடியாது, ஏன்னா ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் அளவுக்கு வேற மாதிரி இருக்கும். ஸ்டாக்டனோட அசிஸ்ட் (கூட ஆடுறவர் கூடையில போடுறதுக்குக் குடுத்த பாஸ்) 15,806, இன்னிக்கு வரைக்கும் அத யாரும் தொடல. இத்தன இருந்தும் 1997, 98 ரெண்டு ஃபைனலும் ஜோர்டன்கிட்ட தோத்தோம், அந்தக் கதைய மட்டும் கேக்காதீங்க, இன்னும் ஆறல.

அப்புறம் உங்க ஜாஸுக்கும் எங்க விளையாட்டுக்கும் உண்மையான சொந்தக்காரர் பழைய பாஸ்கெட்பால் ஸ்டார் கரீம் அப்துல் ஜப்பார். அவங்க அப்பாவே ட்ராம்போன் வாசிச்சவர். 1983-ல வீடு எரிஞ்சப்ப அவர் சேத்து வச்சிருந்த ஜாஸ் ரெக்கார்டெல்லாம் போச்சு, அதக் கேள்விப்பட்டு ஃபேன்ஸ் எல்லாம் அவங்கவங்க வீட்டுல இருந்த ரெக்கார்டுங்கள கொண்டு வந்து குடுத்தாங்க. இத யாராவது படமா எடுத்தா நான் முத ஷோ போவேன்.

தகதிமி:

நான் எட்டு வருஷமா மிருதங்கம் கத்துக்கறேன், ட்ரம்ஸும் கொஞ்சம் தட்டுவேன். அந்தப் படத்துல கை கிழிஞ்சு ரத்தம் ஊத்த ஊத்த வாசிக்கிறான்ல, அத பாத்து எல்லாரும் ஆஹா என்ன சாதகம்ங்கறாங்க, எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு. அப்படி ரத்தம் வந்தா குச்சிய தப்பா புடிச்சிருக்கன்னு அர்த்தம். எந்த ட்ரம்ஸ் வாத்தியாரும் முதல்ல "புடிய தளர்த்து"ன்னு தான் சொல்வார், ஐஸ் பக்கெட்ல கைய முக்கிட்டு திரும்ப வந்து அடின்னு சொல்ல மாட்டார்.

இன்னொன்னு, படத்தோட பேருல இருக்குற அந்த டியூன் ஹேங்க் லெவி எழுதினது, ஏழு கணக்குல போகும். அங்க எல்லாரும் பேய பாத்த மாதிரி முழிப்பாங்க. நம்ம ஊர்ல அதே ஏழு கணக்கு தாளமான மிஸ்ர சாப்பு தெரிஞ்ச பசங்க தகிட தகதிமின்னு தொடையில தட்டிட்டுப் போயிடுவாங்க. (பெருமைக்கு சொல்லல, ஜாஸோட ஸ்விங் தாளம் அடிக்கச் சொன்னா நான் முழிப்பேன், அது வேற கத.)

எங்க வாத்தியார் இத்தன வருஷத்துல ஒரு தடவ கூட கை ஓங்கினதில்ல. தப்பா வாசிச்சா வெத்தலைய மடிச்சுட்டே "ம்ம்... திரும்ப"ம்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சு எட்டு வரைக்கும் ஒரே ஒரு தீர்மானத்துக்கு (முடிக்கும்போது வாசிக்குற தாளக்கோர்வை) முப்பது "திரும்ப" வாங்கியிருக்கேன். அழுதும் இருக்கேன். ஆனா அடுத்த நாள் போகப் பயமா இருந்ததில்ல, ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு.

அதுக்காக நீலக்குறிப்பு சொல்ற மாதிரி ஜாஸ் ஒன்னும் பச்சப்புள்ள இல்ல. அதே கேன்சஸ் சிட்டில விடிய விடிய போட்டி போட்டு வாசிப்பாங்க, ஒருத்தர ஒருத்தர் மேடையில கவுக்குறதுக்குன்னே வருவாங்க. 1933-ல பெரிய சாக்ஸ் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் அந்த ஊருக்கு வந்தப்ப லெஸ்டர் யங்கும் இன்னும் ரெண்டு மூணு உள்ளூர் ஆளுங்களும் சேந்து விடியற வரைக்கும் விடல, பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் சொன்ன கத அது. நம்ம தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி கொறைச்சுட்டே வருவாங்களே, அதுலயும் ஒரு "பாப்போம் நீயா நானா" இருக்கும். போட்டி நல்லது தான். அதுல ரெண்டு பேர் கையிலயும் வாத்தியம் இருக்கும்ல.

அடிச்சா என்ன ஆகும்னு தெரியணும்னா பேஸ் வாசிச்ச ஜாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸ் கதய பாருங்க. ரொம்பப் பெரிய மேதை, எனக்கு உயிர். 1962-ல ஒரு கச்சேரிக்கு ரெடி பண்ணும்போது தன்னோட ட்ராம்போன்காரர் ஜிம்மி நெப்பர வாயிலயே குத்திட்டார், பல்லு ஒடஞ்சுச்சு. வாயால ஊதுற மனுஷன் அவர். அதுக்கப்புறம் மேல் ஸ்தாயி பழைய மாதிரி வரவே இல்ல.

கடைசிபெஞ்ச்:

அய்யா சாமிகளா, அது ஒரு படம். அத பாத்துட்டு பையன மிரட்டினது உங்க ஃப்ரெண்டோட தப்பு, படத்து மேல ஏன் பாயறீங்க. டைரக்டர் டேமியன் ஷசெல் ஸ்கூல் பேண்டுல ட்ரம்ஸ் வாசிச்சு வாத்தியாருக்குப் பயந்து நடுங்கினவர், அந்தப் பயத்த தான் எடுத்தார், ஜாஸுக்குப் பாடப்புத்தகம் எழுதல. 19 நாள்ல ஷூட்டிங் முடிச்சு மூணு ஆஸ்கர் வாங்கினாங்க. கடைசி பத்து நிமிஷம் நான் சீட்டு நுனியில தான் இருந்தேன், நீங்களும் இருந்திருப்பீங்க, பொய் சொல்லாதீங்க. அந்தாளு நல்லவன்னு படம் எங்கயும் சொல்லல, பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் செத்துப்போன விஷயம் வருதே, அத உங்க ஃப்ரெண்டு முறுக்கு எடுக்கப் போன நேரத்துல மிஸ் பண்ணிட்டாரா?

மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பம் உருவான கதய படமா எடுங்க பாப்போம். 1959, நியூயார்க்ல பழைய சர்ச்ச ஸ்டூடியோவா மாத்தின எடம், மைல்ஸ் ஒரு துண்டுச் சீட்டு மாதிரி குறிப்பு குடுத்தார், மொத்தமே ஏழு பேரு, ரெண்டே நாள், வாசிச்சாங்க, வீட்டுக்குப் போனாங்க. முடிஞ்சது படம். இன்டர்வெல் எங்க விடறது?

நீலக்குறிப்பு:

@கடைசிபெஞ்ச் சிரிச்சுட்டேன் தல 😂 சீட்டு நுனி மேட்டர் உண்மை தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ரெண்டு நாள் படத்துக்கு நான் முன்பதிவே பண்ணிடுவேன், இன்டர்வெல் வேணாம்.

@தகதிமி அக்கா, நெப்பர் விஷயம் இப்ப தான் கேள்விப்படறேன், காலையிலேர்ந்து அதே தான் மண்டையில ஓடுது. மிங்கஸ் ரெக்கார்டு போட்டா அந்த ட்ராம்போன் மட்டும் தனியா கேக்குது. எனக்கு இதுக்கு நேர் எதிரா ஒன்னு ஞாபகம் வருது, 1960 பெர்லின் கச்சேரில ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரு பாட்டோட வரிய மறந்துட்டு, நிறுத்தாம, "அய்யோ மறந்துட்டேனே"ங்கறதயே ராகமா பாடி முடிச்சாங்கல்ல, அதுக்கு கிராமியே குடுத்தாங்க. அந்தம்மாவ நோக்கி யாரும் ஒன்னும் வீசல.

படம் யாருமே சொல்லல பாருங்க.

தகதிமி:

மறந்தே போச்சு. ரவுண்ட் மிட்நைட், 1986. டெக்ஸ்டர் கார்டன்னு நெஜ சாக்ஸ் கலைஞரே ஹீரோ, மெதுவா பேசுவார், அத விட மெதுவா நடப்பார், பாட்டெல்லாம் ஷூட்டிங் நேரத்துலயே நெஜமா வாசிச்சது. கொஞ்சம் சோகம், குடி எல்லாம் வரும், பையனோட பாக்காதீங்க. பையனோடன்னா ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே பாருங்க, 1958 நியூபோர்ட் விழாவ எடுத்த டாக்குமெண்டரி. கதயே கெடயாது. ஆளுங்க ஐஸ்க்ரீம் திம்பாங்க, அனிடா ஓ'டே பெரிய தொப்பியும் வெள்ள கையுறையும் போட்டுட்டு பாடுவாங்க, நடு நடுவுல கடல்ல பாய்மரப் படகு ரேஸ் ஓடிட்டே இருக்கும். ஸ்போர்ட்ஸும் ஆச்சு.

நீலக்குறிப்பு:

அப்டேட்: நேத்து ராத்திரி ஃப்ரெண்டு வீட்டுலயே அந்த டாக்குமெண்டரிய போட்டுப் பாத்தோம். ஃப்ரெண்டு இருபது நிமிஷத்துல குறட்ட விட்டுட்டான். பையன் முழுசா பாத்தான், முறுக்கும் காலி. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டான், அந்தப் படகுல எது ஜெயிச்சுச்சு அங்கிள்னு. எனக்குத் தெரியல, நான் தொப்பியவே பாத்துட்டு இருந்துட்டேன். யாருக்காவது தெரியுமா?

உப்பு_ஏரி:

இதுக்கு தான் ஸ்போர்ட்ஸ் ஆளு வேணுங்கறது 😎 அது அமெரிக்கா கப்புக்கு படகு தேர்ந்தெடுக்குற ரேஸ். கடைசியில கொலம்பியாங்கற படகு தான் தேர்வாச்சு, அப்புறம் செப்டம்பர்ல பிரிட்டன் படகு செப்டர 4-0-ன்னு ஜெயிச்சுச்சு. பையன்கிட்ட சொல்லிடுங்க. அப்படியே எந்த டீம் ஃபேன்னும் கேட்டு வைங்க, எங்களுக்கு ஆள் பத்தல.