‘கன்டென்ட் மார்க்கெட்டிங்’ தமிழில்: ‘பயன்வழி விளம்பரம்’ – ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிறுதொழில் செய்பவர்களுக்கான கையேட்டில் ‘கன்டென்ட் மார்க்கெட்டிங்’ (வாடிக்கையாளருக்குப் பயன்படும் செய்திகளை இலவசமாகக் கொடுத்து, அதன் மூலம் தொழிலை வளர்ப்பது) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தோழி ஒருவர் கேட்டு, மடல் இழை நன்றாக நீண்டுவிட்டது. எல்லா மடல்களையும் படித்தேன். என் பரிந்துரையை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: அந்தப் பணி முழுவதற்கும் பயன்வழி விளம்பரம், அதில் வெளியிடும் ஒவ்வொரு கட்டுரை, படம், காணொளிக்கும் பயன்பதிவு. வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டே காரணம் சொல்கிறேன்.

> ‘உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழக்கத்தில் உள்ள சொல்லைத் தள்ளிவைக்க வலுவான காரணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இங்கே அது இருக்கிறது. ‘புத்தக விற்பனை’ என்றால் புத்தகத்தை விற்பது. அதே கணக்கில் ‘உள்ளடக்கச் சந்தைப்படுத்தல்’ என்றால் உள்ளடக்கத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவது. மின்னூல் விற்பவருக்கோ செய்திக் கட்டுரை விற்பவருக்கோ அது பொருந்தலாம். நாம் பேசுவது உள்ளடக்கத்தை இலவசமாகக் கொடுத்து, அதன் மூலம் வேறொன்றை விற்பது. ‘உள்ளடக்கத்தை’ என்று ‘ஐ’ உருபு விரிய வேண்டிய இடமே இல்லை. ‘உள்ளடக்கத்தால்’ என்று ‘ஆல்’ விரிய வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைத்தால் அந்த உறவைப் பழக்கம் காட்டிக்கொடுக்கும். தமிழில் முதல்முறை படிப்பவருக்கு அப்படித் தோன்றாது. கையேட்டைப் படிக்கப் போகிறவர்கள் எல்லாரும் முதல்முறை படிப்பவர்கள்தாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உள்ளடக்கம் என்ற சொல், ஏதோ ஒன்றுக்குள் எதையாவது அடைத்தால் சரி என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. பக்கம் ஒன்று தொடங்கியாயிற்று, காலியாகக் கிடக்கிறது, எதையாவது போட வேண்டும். உடனே காலை வணக்கப் படம், ஒரு பொன்மொழி, அடுத்த நாள் ‘இன்றே வாங்குங்கள்’, அதற்கடுத்த நாள் மறுபடியும் பொன்மொழி. மூன்று மாதத்தில் கை ஓய்ந்துவிடும், இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுவார்கள். சிறுதொழில் நடத்துகிற பலரிடம் இதைப் பார்க்கிறேன். சொல்லே அவர்களைத் தவறான வேலைக்கு அனுப்புகிறது என்பதுதான் என் கவலை. இணையதளக் கட்டுமானத்தில் ‘உள்ளடக்க மேலாண்மை’ என்று சொல்வதில் எனக்குத் தகராறு இல்லை. அங்கே உண்மையிலேயே உள்ளே இருப்பதைத்தான் நிர்வகிக்கிறார்கள்.

> பயன் என்பதை முன்னால் வைக்க என்ன அவசியம்? இது வெறும் ஆசை அல்லவா?

இந்தப் பணி பிறந்த கதையைப் பார்த்தால் பயன்தான் முன்னால் நிற்கிறது. வேளாண் கருவிகள் செய்த ஜான் டீர் நிறுவனம் 1895-இல் உழவர்களுக்காக ஓர் இதழ் தொடங்கியது. எங்கள் கலப்பையை வாங்குங்கள் என்று கூவுவதோடு நிற்காமல், விளைச்சலையும் பண்ணைக் கணக்கையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதினார்கள். இதழ் இன்றும் வருகிறது. 1900-இல் மிஷ்லின் டயர் நிறுவனம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் அச்சிட்டு, முதல் பதிப்பில் ஏறத்தாழ 35,000 படிகளை இலவசமாகக் கொடுத்தது. அப்போது பிரான்சில் ஓடிய கார்களே சில ஆயிரம்தான். டயரை மாற்றுவது எப்படி, பழுதுபார்ப்பவர் எங்கே இருக்கிறார், இரவு எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தன. துணிந்து தொலைதூரம் போனால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் வேண்டும். விற்பனை அங்கேதான் இருந்தது, ஆனால் வாசகர் கைக்கு வந்தது பயன் மட்டுமே.

இவை பெரிய நிறுவனங்கள் என்று யாராவது சொல்லலாம். அமெரிக்காவில் ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளம் அமைக்கும் ஒரு சிறு நிறுவனம், 2008 நிதி நெருக்கடியில் மூழ்கிப்போகும் நிலைக்கு வந்தது. அதன் பங்குதாரர் மார்க்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தளத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். முதலில் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, அந்தத் தொழிலில் அநேகமாக எவரும் எழுத்தில் தொடாத கேள்வி: குளம் கட்ட எவ்வளவு ஆகும்? விலையைக் கூட்டுவது எது, குறைப்பது எது என்று வெளிப்படையாக எழுதினார். தேடுபொறியில் அந்தக் கேள்வியைத் தட்டியவர்கள் பலரும் அவர் பக்கத்துக்கு வந்தார்கள். நிறுவனம் பிழைத்தது. நேரில் பார்த்துத்தான் விலை சொல்வோம் என்று ஒதுங்கும் ஆயிரம் தொழில்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. தொகையைச் சொல்ல முடியாவிட்டாலும், தொகையை எவை முடிவு செய்கின்றன என்பதை யாராலும் எழுத முடியும்.

இன்னும் சிறிய அளவில் பார்ப்போம். வீட்டுத் தையல் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் தவறாமல் அவரிடம் வருகிற கேள்வி: “தையல் நடுநடுவே விட்டுப்போகுது, ஏன்?” பெரும்பாலும் ஊசிதான் காரணம். முனை மழுங்கியிருக்கும், அல்லது லேசாக வளைந்திருக்கும், அல்லது திருப்பி மாட்டியிருப்பார்கள். ஊசியின் மேல்தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் மெஷினின் கையேடு சொல்லும் திசையைப் பார்க்க வேண்டும். மாறி இருந்தால், கீழே சுழலும் கொக்கியால் நூலின் வளையத்தைப் பிடிக்க முடியாது. கைபேசியை ஊசிக்கு மிக அருகில் பிடித்து அந்தத் தட்டைப் பக்கத்தைக் காட்டி, ஊசியை மாற்றிப் பாருங்கள், நூலைக் கழற்றித் திரும்பக் கோத்துப் பாருங்கள், அப்படியும் விட்டுப்போனால் கொக்கியின் டைமிங் (ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரக் கணக்கு) தவறியிருக்கலாம், அதை வீட்டில் தொடாதீர்கள் என்று சொன்னால் 40 விநாடிக்குள் முடிந்துவிடும். பத்துப் பேர் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். டைமிங் தவறியவர் இவரைத் தேடி வருவார், வரும்போதே நம்பிக்கையோடு வருவார். அந்தப் பத்துப் பேரும் மெஷின் பெரிதாகக் கெடும் நாளில் வேறு யாரையும் யோசிக்க மாட்டார்கள்.

அந்த ஒரு கேள்வியிலிருந்தே அடுத்தடுத்து வேலை கிளைக்கும். மெல்லிய துணிக்கு 11, நடுத்தரத்துக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்ததற்கு 16 எண் ஊசி என்று ஒரே ஒரு படம் போதும். மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள். துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில் அடைந்த பஞ்சை எடுப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு படம். எந்த நிலையில் பழுதுபார்ப்பது வீண்செலவு, புதிதாக வாங்குவதே மேல் என்று ஒரு கட்டுரை. இந்தக் கடைசி வகையைத்தான் தொழில் நடத்துகிறவர்கள் எழுதத் தயங்குகிறார்கள். எழுதுகிறவரை மற்றவர்கள் மறப்பதில்லை. இவை எல்லாவற்றையும் சேர்த்து அழைக்க ‘உள்ளடக்கம்’ போதுமா, ‘பயன்பதிவு’ பொருந்துமா என்று நீங்களே சொல்லுங்கள்.

> ‘வழி’ எதற்கு? ‘பயன் விளம்பரம்’ போதாதா?

போதாது. பயனுள்ள விளம்பரம் என்று பொருள் மாறிவிடும். எல்லா விளம்பரமும் போட்டவருக்குப் பயன் தரத்தான் போடப்படுகிறது. ‘வழி’ சேர்ந்தால் உறவு தெளிவாகும்: பயன் கொடுப்பதன் வழியாக விளம்பரம். இந்த அமைப்பு நமக்குப் புதிதும் இல்லை. அஞ்சல்வழிக் கல்வி, தமிழ்வழிக் கல்வி, செயல்வழிக் கற்றல் எல்லாம் எந்த விளக்கமும் கேட்காமல் மக்கள் வாயில் நின்ற சொற்கள். கலைச்சொல் ஆக்குகிறவர்களுக்கு ‘வழி’ ஒரு பெரிய கொடை. அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். க, த போன்ற வல்லினத்தில் தொடங்கும் சொல் பின்னால் வரும்போது ஒற்று மிகுவதையும் கவனியுங்கள்: பயன்வழிக் கட்டுரை, பயன்வழித் தொடர். விளம்பரத்தின் முன் மிகாது.

> விளம்பரமும் மார்க்கெட்டிங்கும் ஒன்றில்லை. காசு கொடுத்துப் போடுவதுதான் விளம்பரம். இது அதற்கு நேர் எதிரானது.

இதுவரை வந்ததில் கனமான மறுப்பு இதுதான். மேலாண்மைப் பாடத்தில் இரண்டும் வேறு. விலை, பகிர்மானம், பொருள் வடிவமைப்பு எல்லாம் மார்க்கெட்டிங்கில் அடங்கும். பாடநூலுக்குச் ‘சந்தைப்படுத்தல்’ இருக்கட்டும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பணி பகிர்மானத்தையோ விலை வைப்பதையோ தொடுவதில்லை. நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதும் நம்பிக்கை உண்டாக்குவதும்தான் இதன் எல்லை. ‘விளம்பு’ என்றால் எடுத்துச் சொல். அதில் காசு கிடையாது. ‘விஷயம் விளம்பரம் ஆகிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது எவரும் கட்டணத்தை நினைப்பதில்லை. காசு கொடுத்துப் போடுவதைப் பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் ‘கட்டண விளம்பரம்’ என்று எழுதலாம். இப்போதே பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வினையாக்கிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். “இந்த மாதம் உள்ளடக்கச் சந்தைப்படுத்தலை மேற்கொள்ள உள்ளோம்” என்பது அறிக்கையில் மட்டும் வாழும். “இந்த மாசம் பயன்வழி விளம்பரத்துக்கு என்ன பண்ணலாம்?” என்று வேலை செய்பவரிடம் கேட்க முடியும். ‘விளம்பரம் பண்ணு’, ‘விளம்பரம் செய்’ என்ற வினை ஏற்கெனவே எல்லார் நாவிலும் இருப்பதால் புதுச்சொல் அதன் தோளில் ஏறிக்கொள்ளும்.

> மிக்ஸியில் கோலிக்குண்டைப் போட்டு அரைக்கும் காணொளிகள் உலகம் முழுக்கப் பரவினவே. அதில் என்ன பயன்? வேடிக்கைதானே?

பிளெண்டெக் நிறுவனம் 2006-இல் தொடங்கிய தொடர். மிகக் குறைந்த செலவில் எடுத்தது, விற்பனையைப் பல மடங்கு உயர்த்தியது. ஆனால் அதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த மிக்ஸி தாங்குமா என்பது வாங்குகிற ஒவ்வொருவர் மனத்திலும் உள்ள கேள்வி. கோலிக்குண்டு தூளாவதைக் கண்ணால் பார்த்தவருக்கு அதைவிட உறுதியான பதில் தேவையில்லை. வேடிக்கை அங்கே பதிலுக்குப் போட்ட உடை. சிறுதொழில்காரர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதுவே: உங்கள் பொருளைப் பற்றி மக்களுக்குள்ள சந்தேகம் எது, அதைக் கேமரா முன்னால் சோதித்துக் காட்ட முடியுமா? தைத்த பையில் எவ்வளவு எடை தொங்கவிடலாம், சாயம் எத்தனை சலவை தாங்கும், பூச்சு அடித்த பலகையில் தண்ணீர் நிற்குமா? பொருளோடு ஒட்டாத நகைச்சுவைத் துணுக்குகள் வேறு. அவற்றைக் கேளிக்கைப் பதிவு என்றே சொல்லலாம், இந்தக் குடைக்குள் இழுக்க வேண்டாம்.

இழையில் வந்த மற்றப் பரிந்துரைகள் பற்றிச் சுருக்கமாக. ‘ஈர்ப்பு வணிகம்’ நல்ல சொல், ஆனால் வாடிக்கையாளர் தாமே தேடி வரச் செய்யும் ‘இன்பவுண்ட் மார்க்கெட்டிங்’ என்ற பரந்த முறைக்கு அதை ஒதுக்கிவைப்போம். ‘கதைசொல் விற்பனை’ ஒரு பகுதியை மட்டும் தொடுகிறது. தையல் ஊசிக் காணொளியில் கதை இல்லை. ‘சரக்கு’ சேர்த்துச் சொல்லலாம் என்ற யோசனை சுவையானது, சரக்குள்ள ஆள் என்று நாம் சொல்வதுண்டு. வணிகத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருப்பதால் குழப்பம் வரும். ‘உள்ளுறை விளம்பரம்’ பற்றித்தான் நிறைய யோசித்தேன். உள்ளுறை என்றாலே வெளியே சொல்லாமல் உள்ளே வைப்பது. இங்கே மறைவு கூடாது, யார் சொல்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். ஆனால் படக் காட்சிக்குள் நாயகன் கையில் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கைபேசியைக் கொடுக்கிறார்களே, அந்தப் ‘பிராடக்ட் பிளேஸ்மென்ட்’டுக்கு உள்ளுறை விளம்பரம் அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிறது. பரிந்துரைத்த ஐயா அனுமதித்தால் அதற்கென்று பட்டியலில் ஏற்றிவிடுவோம்.

கையேட்டில் வரும் துணைச்சொற்கள்: காலம் கடந்தும் தேடி வந்து படிக்கிற ‘எவர்கிரீன்’ வகைக்கு வாடாப் பதிவு (ஊசி எண் படம் அப்படிப்பட்டது). எந்த நாளில் எதை வெளியிடுவது என்ற அட்டவணைக்குப் பதிவு நாட்காட்டி. வாடிக்கையாளர்கள் தாங்களே எடுத்து அனுப்பும் படம், காணொளிக்கு வாடிக்கையாளர் பதிவு. அவர்கள் அனுமதி பெற்றே வெளியிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே கையேட்டில் ஒரு வரி சேருங்கள். ‘பிஹைண்ட் த சீன்ஸ்’ என்பதைத் திரைமறைவு என்று மொழிபெயர்க்க வேண்டாம், ஏதோ தில்லுமுல்லு நடப்பது போல ஒலிக்கிறது. ‘உருவாகும் விதம்’ போதும்.

‘கால் டு ஆக்‌ஷன்’ (அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பவரை அழைப்பது) என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் பிடிபடவில்லை. ‘செயலழைப்பு’ என்பது போராட்ட அறிவிப்பு போல இருக்கிறது. பதிவின் கடைசியில் ‘ஊசி மாற்றியும் சரியாகவில்லையா? மெஷினின் படத்தை அனுப்புங்கள்’ என்று வருகிறதே, அந்த வரிக்கு ‘அழைப்பு வரி’ என்று வைத்துப் பார்த்தேன்; காணொளியில் வாயால் சொல்லும்போதும், தொடுபொத்தானாக வரும்போதும் ‘வரி’ இடறுகிறது. வெறும் ‘அழைப்பு’ என்றால் தொலைபேசி அழைப்போடு கலந்துவிடும். இதற்கு மட்டும் தனி இழை தொடங்கலாமா?

அன்புடன்.