உடம்பால டேட்டா: சார்ஜரைக் கழட்டினா ஏன் சிக்னல் விழுது?

கொக்குவில் பெடியன்:
அம்மம்மாவின்ர நெஞ்சில ஒட்டுற துடிப்புச் சென்சரில இருந்து கைப்பட்டிக்கு, புளூடூத் இல்லாமல் அவவின்ர உடம்பாலயே டேட்டா அனுப்ப விருப்பம். முதல்ல என்னில சோதிக்கிறன். இடது மணிக்கட்டில அனுப்புற செப்புத் தகடு, வலதில வாங்குறது. வாற அலையை லப்டொப்பில பாக்கிறன். லப்டொப் சார்ஜரில நிண்டா அலை வடிவாத் தெரியுது, கழட்டினாச் சுருங்குது. ஏன் அண்ணைமார்?

நல்லூர் ரேடியோ:
தம்பி, சார்ஜரோட வந்தது பொய்க்கணக்கு. உடம்பு ஒரு வயர் மாதிரி, ஆனா திரும்பிற பாதையும் வேணுமே. அது காத்தாலயும் நிலத்தாலயும் வாற மிகச்சிறிய மின் கொள்ளளவு (கப்பாசிற்றன்ஸ்), வயர் முட்டாமலே சிக்னல் கடக்கிற வழி. சார்ஜர் வீட்டு வயரிங்கால அந்தப் பாதையைச் சும்மா பெருப்பிச்சுக் குடுத்திட்டுது. பற்றரியில காணுறதுதான் உண்மை. அமெரிக்காவின்ர எம்.ஐ.ரி பல்கலைக்கழகத்தில தோமஸ் சிம்மர்மன் இப்பிடி உடம்பாலயே 330 கிலோஹேர்ட்ஸில செக்கனுக்கு 2400 பிற் அனுப்பினவர். வந்து சேர்ந்த கரண்ட் பிக்கோ அம்பியர் கணக்கு, அம்பியரை லட்சம் கோடியாப் பிரிச்ச பங்குகள்! 1996 இல ஐ.பி.எம் கைகுலுக்கியே விசிற்றிங் கார்ட் மாத்திக் காட்டினது. நல்ல அம்பிளிபையர் போடும். சார்ஜரில நிக்கிற சாமானை உடம்போட தொடுக்கவே வேண்டாம்.

திருநெல்வேலி அக்கா:
2012 இல வந்த ஐ.ஈ.ஈ.ஈ. 802.15.6 எண்ட, உடம்பில இருக்கிற சாதனங்கள் தங்களுக்கை பேசுறதுக்கான சர்வதேசத் தரம், இப்பிடி உடம்பால அனுப்புறதுக்கு 21 மெகாஹேர்ட்ஸைத்தான் எடுத்தது. அதுக்கு மேல கூடக்கூட உடம்பே அன்ரெனாவாகி வெளியில கசியும். தம்பி, அம்மம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கோ? இருந்தா டொக்டரைக் கேக்காமல் ஒண்டும் ஒட்டாதையும்.

கொக்குவில் பெடியன்:
இல்லை அக்கா, பிரஷர் மட்டும்தான். ரெண்டு பக்கத்தையும் பற்றரியில ஓடவிட்டு அலையின்ர படம் போடுறன்.