எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மிக் வெல்டிங்: தகடு பளபளக்கிறது, வெல்டு மட்டும் துரு. வயர் தப்பா, கேஸ் தப்பா?

முதுநகர்_பட்டறை:
கடலூர் முதுநகரில் சின்ன பட்டறை. துறைமுகப் பக்கம் மீன் அறுக்கும் மேசை நான்கு செய்து கொடுத்தேன், மேலே 2 எம்எம் 304 கிரேடு எஸ்எஸ் ஷீட், கீழே பைப் கால். மிக்கில் உருகி ஒட்டுகிற வயர் 308எல், 0.8 எம்எம். கேஸ் மட்டும் இரும்பு வேலைக்குப் போடுகிற 80/20 மிக்ஸ் (80 ஆர்கான், 20 சிஓடூ, அதாவது கார்பன் டை ஆக்சைடு), அதுதான் கையில் இருந்தது. அடிக்கும்போதே வெல்டு கருத்துப்போனது, பிரஷ் போட்டுத் தேய்த்து அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் ஆகவில்லை, வெல்டு நெடுக டீக்கறை மாதிரி கோடு. "எஸ்எஸ்னு சொல்லி இரும்பை வித்துட்டியா"ன்னு கேட்கிறார் மேசைக்காரர். இப்போது என்ன செய்வது?

ஆர்க்_தம்பி:
வயர் சரிதான் அண்ணே, கேஸ்தான் வில்லங்கம். 308எல் என்பதில் அந்த 'எல்' எதற்கு? கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு. அதற்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு 20 சதவீதம் சிஓடூ ஊதினால், ஆர்க் சூட்டில் அது உடைந்து கார்பன் திரும்ப வெல்டுக்குள்ளேயே போகும். அந்தக் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், குரோமியம் குறைந்த இடத்தில் துரு வரும். 98 ஆர்கான், 2 சிஓடூ வாங்குங்கள். முழு ஆர்கான் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம், மிக்கில் ஆர்க் அலையும், பீட் (வெல்டு வரி) பரவாமல் முதுகு தூக்கி நிற்கும். அடுத்த தடவை 308எல்எஸ்ஐ கேளுங்கள், சிலிக்கான் கூடுதல், நன்றாகப் படியும்.

சிலாக்_மாமா:
சிஓடூ சிலிண்டர்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ் ஃப்ளக்ஸ் கோர் வயர் (உள்ளே ஃப்ளக்ஸ் பொடி நிரப்பிய வயர்) இருக்கிறது, சிஓடூவுக்கென்றே வருகிற வகையைக் கேட்டு வாங்கணும், சிலாக் (வெல்டு மேல் படியும் கசடு) மூடிக்கொள்வதால் கார்பன் அவ்வளவு ஏறாது. ஆனால் 2 எம்எம் ஷீட்டுக்கு 1.2 வயர் போட்டால் ஓட்டைதான் விழும்.

புதுவை_ஃபேப்:
நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். கேஸைச் சொன்னார்கள், சரி, அந்த பிரஷ் எது? இரும்பு தேய்த்த பிரஷ்ஷோ, இரும்பு அறுத்த டிஸ்க்கோ பட்டிருந்தால் அதுவும் துருவாகத்தான் தெரியும். முதலில் ஒரு மேசையில் பிக்ளிங் பேஸ்ட் (வெல்டு கருப்பையும் துருவையும் அரித்தெடுக்கும் ஆசிட் பசை) போட்டுப் பாருங்கள், கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே தொடாதீர்கள், அதில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கிறது. கழுவிய பிறகும் கோடு திரும்ப வந்தால் வெல்டை வழித்தெடுத்துப் புதிதாக அடிப்பதுதான் வழி. அப்புறம், உப்புத்தண்ணீர் தினமும் படுகிற மேசைக்கு 304 எடுத்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. 316 ஷீட், 316எல் வயர், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்புக்குத் தாங்கும். பைப் என்ன கிரேடு? சீக்கிரம் துருப்பிடிக்கிற மலிவு கிரேடான 202-ஆக இருந்தால் அடுத்த புகார் காலில் இருந்து வரும்.

முதுநகர்_பட்டறை:
பிரஷ் இரும்புக் கம்பி பிரஷ்தான், ஒரே பிரஷ் எல்லாத்துக்கும். நாளைக்கே 98/2 சிலிண்டர் சொல்லிவிடுகிறேன், ஒரு மேசையைத் திரும்ப எடுத்து வந்து பேஸ்ட்டும் போட்டுப் பார்க்கிறேன். பைப் பில்லை இப்போதுதான் தேடி எடுத்தேன். 202 என்றுதான் போட்டிருக்கிறது.