சட்டம் ஒத்துக்கிட்டா ஜனங்க ஒத்துக்கிட்டதா ஆயிடுமா? (ஒரே பாலினத் திருமணம்)

மாலைவெயில்:
ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற விஷயம், இங்க கொட்டிடுறேன். 2001 ஏப்ரல்ல நெதர்லாந்துல முதல்ல ஆரம்பிச்சது, 2025 ஜனவரியில தாய்லாந்து வரைக்கும் வந்தாச்சு, முப்பத்தஞ்சு நாட்டுக்கு மேல ஒரே பாலினத் திருமணம் சட்டப்படி செல்லுது. சந்தோஷம்தான். ஆனா ஐரோப்பிய யூனியனோட அடிப்படை உரிமை அமைப்பு 2019ல எடுத்த சர்வே, ஒரே பாலின ஈர்ப்பு உள்ளவங்க, திருநர்னு ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பேர்கிட்ட எடுத்தது, அதுல பத்துல ஆறு பேர் துணையோட கையப் பிடிச்சு வெளிய நடக்குறத தவிர்க்குறோம்னு சொல்லியிருக்காங்க. கல்யாணம் செல்லுற நாட்டுல இருக்குறவங்களும் அதுல நிறைய. அப்போ சட்டம் வந்து என்ன மாறுச்சுன்னு கேக்கத் தோணுது.

பழையபேனா:
நான் இதுக்கு எதிரானவன், முதல்லயே சொல்லிடுறேன், ஆனா யாரையும் அசிங்கமா பேச வரல. ஜனங்க மனசு மாறுறதுக்கு முன்னாடி மேல இருந்து சட்டத்த இறக்குனா இப்படித்தான் ஆகும். தைவானைப் பாருங்க, 2017ல கோர்ட் சொல்லிடுச்சு, 2018 நவம்பர்ல மக்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க, பெரும்பான்மை வேணாம்னுதான் போட்டாங்க, அப்படியும் 2019 மே மாசம் சட்டம் வந்துடுச்சு. கேட்டுட்டு பதிலைக் கண்டுக்கலன்னா எதுக்கு கேக்கணும்? என்னப் பொறுத்தவரை கல்யாணம்ங்கிறது ஒரு புள்ளைக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் கிடைக்கணும்னு வந்த ஏற்பாடு.

நெல்லிமரம்:
பழையபேனா சார், தைவான் கதைய பாதியில நிறுத்திட்டீங்க. சட்டம் வந்தப்புறம் அந்த அரசாங்கமே எடுத்த சர்வேல ஆதரவு பாதியத் தாண்டி ஏறுச்சு. ஏன்னா அதுவரைக்கும் பேச்சுல மட்டும் இருந்த விஷயம் பக்கத்து வீட்டு ஜோடியா, கூட வேலை பாக்குறவங்களா கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு, வந்தப்புறம் பயப்பட ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுது. அமெரிக்காவுல கறுப்பர் வெள்ளையர் கல்யாணத்துக்கு இருந்த தடைய 1967ல கோர்ட் நீக்குச்சு, அடுத்த வருஷம் கேலப் கருத்துக்கணிப்புல அத ஏத்துக்கிட்டவங்க வெறும் 20 சதவீதம், 2021ல 94. ஜனங்க ரெடியாகட்டும்னு காத்திருந்தா அந்த ஜோடிங்க தலைமுறை தலைமுறையா காத்துட்டே இருந்திருக்கணும்.

பழையபேனா:
அது ஆணும் பெண்ணும் பண்ணிக்கிட்ட கல்யாணம்தானே, ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. அதே கேலப்ல இன்னொண்ணும் இருக்கு. அமெரிக்காவுல குடியரசுக் கட்சிக்காரங்கள்ல ஒரே பாலினத் திருமணத்துக்கு ஆதரவு 2022ல 55 சதவீதம், 2025ல 41. ஏறுனது இறங்கவும் செய்யுது.

நெல்லிமரம்:
இறங்குது, இல்லன்னு சொல்லல, எனக்கும் கவலையாத்தான் இருக்கு. அதனாலதான் சட்டம் வேணும்ங்கிறேன், ஜனங்க மூடு மாறுறப்பல்லாம் ஒருத்தர் கல்யாணம் செல்லுமா செல்லாதான்னு மாறக் கூடாதுல்ல. அப்புறம் புள்ளை விஷயம், குழந்தை இல்லாத ஜோடிய, அறுபது வயசுல கல்யாணம் பண்ணிக்கிறவங்கள யாரும் செல்லாதுன்னு சொல்றதில்லையே.

கடலோடி:
எனக்கு யார் யாரோட வாழ்ந்தாலும் பிரச்சனை இல்ல ப்ரோ. ஆனா வீட்டோட வச்சுக்கலாமே, எதுக்கு எல்லாருக்கும் தெரியுற மாதிரி காட்டணும்?

ஊஞ்சல்:
நானும் என் துணையும் ரெண்டு பேரும் பெண்கள், அதனால இதுக்கு நானே பதில் சொல்றேன். கடலோடி, நீங்க ஆபீஸ் டேபிள்ல குடும்ப போட்டோ வைக்கிறீங்க, நேத்து வைஃப் கூட வெளிய போனேன்னு சாதாரணமா சொல்றீங்க, ஃபார்ம்ல கணவன் மனைவி பேருன்னு இருக்குற இடத்த யோசிக்காம நிரப்புறீங்க. அத யாரும் காட்டுறதுன்னு சொல்றதில்ல. நான் அதே வார்த்தைய சொன்னா மட்டும் ஏன் காட்டுறதா ஆகுது? அவளுக்கு உடம்பு முடியாம அட்மிட் பண்ணப்போ நீங்க யாருன்னு கேட்டாங்க, ஃப்ரெண்டுன்னு சொன்னேன், அப்போ சொந்தக்காரங்கள வரச்சொல்லுங்கன்னு என்ன வெளிய நிக்க வச்சுட்டாங்க. அவ என்ன மாத்திரை சாப்பிடுவா, எதுக்கு அலர்ஜின்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான்.

அமெரிக்கா முழுக்க ஒரே பாலினத் திருமணம் செல்லும்னு 2015ல தீர்ப்பு வந்ததே இப்படி ஒரு விஷயத்துலதான். ஓபர்கெஃபெல்ங்கிறவரோட துணைக்கு நரம்பு நோய், சாகக் கிடக்குறார், சொந்த மாநிலத்துல கல்யாணம் செல்லாதுன்னு மருத்துவ விமானத்துல மேரிலாண்ட் போய் ரன்வே பக்கத்துலயே கல்யாணம் பண்ணிட்டு திரும்புனாங்க. இறப்புச் சான்றிதழ்ல கணவர்னு தன் பேர் வரணும்னு கேட்டுத்தான் கோர்ட்டுக்குப் போனார்.

பழையபேனா:
ஊஞ்சல் மேடம், உங்கள வெளிய நிக்க வச்சது அநியாயம், எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி, சொத்து, பென்ஷன் எல்லாத்துக்கும் தனியா ஒரு பதிவு முறை கொண்டு வரட்டும். கல்யாணம்னு கூப்பிடணும்னுதான் ஏன்னு கேக்குறேன்.

மாலைவெயில்:
அத டென்மார்க் 1989லயே பண்ணிப் பாத்துட்டாங்க சார், உலகத்துலயே முதல் பதிவு உறவு. ஆரம்பத்துல தத்தெடுக்க உரிமை கிடையாது. கடைசியில 2012ல கல்யாணமாவே மாத்துனாங்க. தனி வாசல் வச்சா அந்த வாசல்ல எதக் குறைக்கலாம்னுதான் எப்பவும் பேச்சு நடக்கும்.

கடலோடி:
அயர்லாந்து மாதிரி ஓட்டு போட்டு வந்தா யாரும் குறை சொல்ல முடியாதுல்ல? 2015ல 62 சதவீதம் ஆதரவு.

பழையபேனா:
அத நான் மதிக்கிறேன். ஜனங்களே சொன்னாங்க.

ஊஞ்சல்:
1993 வரைக்கும் ஆணும் ஆணும் சேர்ந்தா குற்றம்னு இருந்த நாடு, 22 வருஷத்துல அங்க வந்து நின்னுச்சு, எனக்கும் அத நினைச்சா கண்ணு கலங்கும், வயசான அம்மா அப்பாங்கள்லாம் புள்ளைங்களுக்காக வந்து பேசுனாங்க. ஆனா ஓட்டுங்கிறது எங்க பக்கம் எப்படி இருக்கும்னு யோசிங்க. ஆஸ்திரேலியாவுல 2017ல தபால்ல கேட்டாங்க, 61.6 சதவீதம் ஆமாம்னாங்க, ஜெயிச்சாச்சு, ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்துக்கும் மேல நம்ம குடும்பம் ஒரு குடும்பமான்னு நாடு முழுக்க விவாதம். உங்க கல்யாணத்த எத்தனை பேர் ஓட்டு போட்டு ஓகே பண்ணாங்க?

கடலோடி:
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. சரி, நாளைக்கு என் டீம்ல ஒருத்தர் இப்படி கல்யாணம் பண்ணிட்டு வந்தா நான் என்ன சொல்லணும்? நிஜமாவே கேக்குறேன், தப்பா எதாவது பேசிடுவேனோன்னு இருக்கு.

ஊஞ்சல்:
மத்தவங்களுக்கு சொல்றததான். வாழ்த்து சொல்லுங்க, பேர் கேளுங்க, எப்படி பழக்கம்னு கேளுங்க. அடுத்த தடவை டீம் பார்ட்டிக்கு குடும்பத்தோட வாங்கன்னு சொல்றப்போ அவர்கிட்டயும் சொல்லுங்க.

பழையபேனா:
வாழ்த்து என் வாயில வராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவருக்கு வீடு வாடகைக்குத் தர மாட்டேன்னோ வேலை இல்லன்னோ எவனாவது சொன்னா அது தப்புன்னு நானே போய் நின்னு சொல்லுவேன்.

ஊஞ்சல்:
சொல்லுங்க சார், அது தேவைதான். ஆனா நான் கேக்குறது அதோட முடியல.