தொட்டி உரப் பயிற்சிக்கு உங்கள் யோசனை தேவை

வணக்கம். வேளச்சேரியில் 42 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில், சமையலறைக் கழிவை உரமாக்கும் பயிற்சியை இரண்டாம் முறையாக நடத்தவிருக்கிறோம். முதல் முறை வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். மூன்றே வாரத்தில் தொட்டிகளில் புழுவும் நாற்றமும். என் தொட்டியும் அதில் அடக்கம், மறைப்பானேன்? ஈரக் கழிவோடு காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போதிய அளவு சேர்க்காததும், கிளறிவிடாததும்தான் காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது? செய்தித்தாளைக் கிழித்துப் போட்டால் போதுமா? மீந்த சாம்பார் சாதத்தை என்ன செய்கிறீர்கள்? எங்கள் மாமியார்களின் முதல் கேள்வியே அதுதான். பயிற்சிக்குப் பிறகும் வீடுகள் கைவிடாமல் தொடர என்ன வழி செய்தீர்கள்? அனுபவமுள்ளவர் யாராவது ஒரு ஞாயிறு காலை நேரில் வந்து செய்துகாட்ட முடியுமா? பயணச் செலவும் காபியும் எங்கள் பொறுப்பு.