ஃபேன் சுழல்கிறது, ஆனால் 0 ஆர்பிஎம் என்று காட்டுகிறது: டிரைவர் பிழையா?

கேள்வி:
வணக்கம். ஃபேன் வேகத்தை அளக்கும் வின்பாண்ட் டபிள்யூ83627ஹெச்எஃப் சிப் உள்ள பழைய மதர்போர்டு ஒன்றில் லினக்ஸ் நிறுவி, வீட்டு ஃபைல் சர்வராகப் பயன்படுத்தி வருகிறேன். அந்தச் சிப்பின் டிரைவர் சிக்கலின்றி ஏறுகிறது. ‘சென்சார்ஸ்’ கட்டளை பிராசசர் ஃபேனுக்கு ஏறத்தாழ 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) காட்டுகிறது. ஆனால் கேபினட்டின் பின்புறமுள்ள 12 செ.மீ. ஃபேன் கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்தும் அதற்கு 0 என்றே வருகிறது. அதே இணைப்புப் பின்னில் வேகமான 8 செ.மீ. ஃபேனைச் செருகினால் வேகம் தெரிகிறது. பெரிய ஃபேனின் லேபிளில் 800 ஆர்பிஎம் என்று உள்ளது. கோளாறு எதில்?

மறுமொழி 1:
கெர்னல் துவக்க வரியில் ‘ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ்’ என்று சேர்த்துப் பாருங்கள்.

மறுமொழி 2:
அது இங்கே தேவையில்லை. ஏசிபிஐ (மின்சாரம், வன்பொருள் மேலாண்மைக்கான ஃபர்ம்வேர் இடைமுகம்) உரிமை கோரும் முகவரிகளைத் தொட விடாமல் கெர்னல் தடுப்பதால் டிரைவர் ஏறவே மறுக்கும்போதுதான் அந்த அமைப்பு உதவும். ஃபர்ம்வேரும் (போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருள்) டிரைவரும் சிப்பின் ஒரே ரெஜிஸ்டர்களை (எண்களை வைக்கும் சிறு நினைவிடங்கள்) ஒரே நேரத்தில் அணுகக்கூடும் என்பதால் அதில் ஆபத்தும் உண்டு.

உங்கள் ஃபேனும் இணைப்புப் பின்னும் நன்றாகவே உள்ளன. கணக்குதான் நிரம்பி வழிகிறது. ஃபேனின் மூன்றாவது வயர் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்புகிறது. சிப் அந்தத் துடிப்புகளை எண்ணுவதில்லை. ஒரு சுற்று முடிவதற்குள் தனது 22.5 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் எத்தனை முறை தட்டுகிறது என்பதை, டிவைசர் என்னும் எண்ணால் வகுத்து, 8 பிட் ரெஜிஸ்டரில் பதிகிறது. அதாவது, 1350000-ஐ (அந்தக் கடிகாரம் ஒரு நிமிடத்தில் தட்டும் எண்ணிக்கை) ரெஜிஸ்டரில் பதிந்த அந்த எண்ணிக்கையாலும் டிவைசராலும் வகுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும். டிவைசர் 2 எனில் 800 ஆர்பிஎம்முக்கு 843 என்ற எண்ணிக்கை வேண்டும். ரெஜிஸ்டரோ 255-க்கு மேல் கொள்ளாது, அந்த 255-ஐ டிரைவர் 0 என்றே காட்டும். ஃபேன் மெதுவாகச் சுழலச் சுழல எண்ணிக்கை கூடும் என்பதால்தான் வேகமான ஃபேன் மட்டும் தப்பிக்கிறது.

சென்சார்ஸ் அமைப்புக் கோப்பில் இந்தச் சிப்புக்குரிய பகுதியில் அந்த ஃபேனின் டிவைசரை 8 ஆக்கி, ரூட் உரிமையுடன் ‘சென்சார்ஸ் -எஸ்’ இயக்குங்கள். குறைந்தபட்ச வேக எல்லையும் வைப்பதானால், டிவைசர் வரிக்குப் பிறகே அதை எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது 803, 799 என்று வருகிறது. பிராசசர் ஃபேனுக்கும் 8 என்றே வைத்தேன். அது 3013-க்கும் 2960-க்கும் இடையே தாவுகிறது. பேரிங் தேய்ந்துவிட்டதோ?

மறுமொழி 2:
பேரிங்கைச் சந்தேகிக்க இது போதாது. டிவைசர் 8 எனில் 3000 ஆர்பிஎம் அருகே எண்ணிக்கை 56 அல்லது 57 மட்டுமே. அந்த ஓர் எண்ணின் வித்தியாசமே ஐம்பது ஆர்பிஎம்முக்கு மேல் தெரிகிறது. அந்த ஃபேனுக்கு மட்டும் 2 என்று திருப்பி வையுங்கள். தாவல் பதின்மூன்று ஆர்பிஎம் அளவுக்குக் குறையும்.